எழுத்து போதும், அர்த்தம் வேண்டாம்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். நின்றபடி சாப்பிடுவார், நடந்தபடி போன் பேசுவார், உட்காரச் சொன்னால் நாற்காலியின் கால் ஆடுகிறதா என்று குனிந்து பார்ப்பார். எங்கேயோ ஒரு லிஃப்ட் நின்றுவிட்டது என்று தகவல் வந்தால் மற்ற மெக்கானிக்குகள் இன்னும் பையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். இவர் அந்தக் கட்டடத்தின் மொட்டை மாடிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். நின்றுபோன எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் ஆகாது.

அவர் மனைவி இதற்கு நேர் எதிர். அலுவலகம் ஒன்றில் தட்டச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தைத் திறந்தாளானால், பால் பொங்கி அடுப்பு அணைந்தாலும் அத்தியாயத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். படிப்பதெல்லாம் தெலுங்கு. அவள் பிறந்த வீட்டில் பேசிய மொழி அது. கல்யாணத்துக்குப் பிறகு தமிழைப் பிடித்துக்கொண்டவள், கடைக்காரரோடு பேரம் பேச, மாமியாரோடு மல்லுக்கு நிற்க, மகளைத் தூங்கவைக்க எல்லாவற்றுக்கும் தமிழிலேயே தேர்ந்துவிட்டாள். பேச ஆள் இல்லாத தெலுங்கு ஒரு புத்தக அலமாரியாகச் சுருங்கி ஜன்னல் பக்கம் நின்றது. அந்த அலமாரியைச் சுவரில் அடித்தவர் பம்பரம்தான். தூசி தட்டுபவரும் அவரே. எந்தப் புத்தகம் என்ன கனம் என்று கேட்டால் சொல்லிவிடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்டதில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, மனிதருக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான். நேரம் இல்லாதவர்கள் செய்கிற கொடுமையை யாரும் அவர்கள் முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்வதும் இல்லை.

பிறகு அவளுக்குக் கண் போயிற்று. முழுவதும் போகவில்லை. நடுப்பார்வை மட்டும் அழிந்துவிட்டது, ஓரங்கள் மிச்சம் இருக்கும் என்றார் டாக்டர். நடமாடலாம், சமைக்கலாம், வருவது யார் என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் எந்த எழுத்தை நேராகப் பார்த்தாலும் அந்த இடத்தில் ஒரு கறை வந்து உட்கார்ந்துகொள்ளும். மகள் தன் ஊரிலிருந்து வந்தபோது அம்மாவின் போனில் எதையோ ஏற்றிக்கொடுத்தாள், அது புத்தகம் வாசிக்குமாம். அவளுடைய பழைய புத்தகங்களில் ஒன்றுகூட அதில் இல்லை. அகப்பட்ட ஒன்றிரண்டையும் அது ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஒப்பித்தது. மகள் ஊருக்குத் திரும்பியதும் அவள் அதை நிறுத்திவிட்டாள். சாயங்காலங்களில் மூடிய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரத்திலேயே இருந்தாள்.

பம்பரத்துக்கு இது தாங்கவில்லை. வேலையிலிருந்து வந்தவர் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். விளக்கை மாற்றினார், ஜன்னல் கொக்கிக்கு எண்ணெய் போட்டார், கடைசியில் அவள் எதிரே வந்து நின்றார்.

"நான் படிச்சுக் காட்டறேன்."

"உங்களுக்கு ஒரு எழுத்தாவது தெரியுமா?"

"எழுத்துதானே, கத்துக்கறேன். எவ்வளவு பெரிய சர்க்யூட் படமெல்லாம் பாத்தாச்சு."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். யோசித்த பிறகு அவள் சொன்னதை அவர் அப்போது சரியாக வாங்கிக்கொள்ளவில்லை.

"சரி. எழுத்து மட்டும் போதும். அர்த்தம் வேண்டாம். அத நான் பாத்துக்கறேன்."

வேலையைக் குறைத்துக் கொடுக்கிறாளே, நல்ல மனசு என்று எடுத்துக்கொண்டார்.

லிஃப்ட் சாமான்கள் வந்த அட்டைப்பெட்டிகளைக் கிழித்து, மார்க்கரில் ஒவ்வொரு எழுத்தையும் உள்ளங்கை அகலத்துக்கு எழுதினார். அவள் கோழி பார்ப்பதுபோலத் தலையைப் பக்கவாட்டில் திருப்பி, கண்ணின் ஓரத்தால் அதைப் பிடித்து, சரி தப்பு சொன்னாள். உருண்டை உருண்டையான எழுத்துகள், பாதிக்கு மேல் எழுத்துகளுக்குத் தலையில் ஒரு குட்டிக் கொக்கி. ஒரே ஒரு 'க'வை வைத்துக்கொண்டு இத்தனை காலம் தள்ளிய தமிழ் வாய்க்கு நாலு 'க'வைக் கொடுத்தால் அது என்ன செய்யும்? அவர் எல்லாவற்றையும் ஒரே 'க'வாக அடித்து நொறுக்கினார். "அடிவயித்துலேர்ந்து மூச்சு வரணும். நீங்க தும்மறீங்க" என்றாள் அவள். பார்வை போன பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல் அதுதான். அதற்காகவே அவர் இன்னும் நாலு தரம் தும்மினார்.

அட்டைகள் தீர்ந்ததும் நாவலுக்கு வந்தார்கள். தடித்த பழைய நாவல், அவள் பல தடவை படித்தது. அவர் சொல் சொல்லாக உடைத்து, பஸ் கண்டக்டர் நிறுத்தங்களைச் சொல்லுவதுபோல வாசித்தார். ஒரு அட்சரம் புரியாது. வாயில் போட்டு வெளியே தள்ளுவதுதான் வேலை. அவளோ அந்தக் கரடுமுரடான வாசிப்புக்குள்ளேயே எங்கோ போய்விடுவாள். முகம் மாறிக்கொண்டே இருக்கும். உதட்டைக் கடிப்பாள், தலையை ஆட்டுவாள், ஒரு இடத்தில் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள்.

"என்ன, என்ன ஜோக்கு?"

"சொன்னா சிரிப்பு வராது. மேல படிங்க."

மேலே படிப்பார். ஆனால் மனசு அந்த ஜோக்கிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். தன் வாயிலிருந்து வந்த வாக்கியத்துக்குத் தன் எதிரே உட்கார்ந்து ஒருத்தி சிரிக்கிறாள், அது என்னவென்று தனக்குத் தெரியவில்லை என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதிலும் பம்பரத்துக்கு. மறுநாள் வேலையில் ஸ்க்ரூவை முறுக்கும்போதும், கயிற்றுக்குக் கிரீஸ் தடவும்போதும் அந்தச் சிரிப்பு காதைக் குடைந்தது.

கம்பெனியில் புகார் போன்களை எடுக்கும் பெண்ணுக்குத் தாய்மொழி தெலுங்கு. ஒரு நாள், வேலை முடிந்தது என்று சொல்லக் கூப்பிட்டவர், அப்படியே ஒரு வாக்கியத்தைச் சொல்லி என்ன அர்த்தம் என்று கேட்டார். அந்தப் பெண் போனிலேயே சிரித்தாள். "கண்ணாடிய யார் திருடினதுன்னு வீடு பூரா கத்தறானாம் அண்ணா. எங்கேர்ந்து புடிச்சீங்க இத?" அன்றிலிருந்து ஆரம்பித்தது திருட்டு வேலை. ஒவ்வொரு வேலைக்கு நடுவிலும் அந்தப் பெண்ணுக்கு ஒரு போன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கான அகராதி ஒன்று வாங்கி டூல் பையின் அடியில் வைத்துக்கொண்டார். மதியத்தில் மெஷின் ரூமில் சாப்பாட்டு டப்பாவை ஒரு கையிலும் அதை ஒரு கையிலுமாக வைத்துக்கொண்டு நடந்தார்.

"கதையில எல்லாரும் அவசரம் அவசரம்ங்கறாங்களே, எல்லாருமே என்ன மாதிரிதானா?"

"அங்க அவசரம்னா தேவைன்னு அர்த்தம் அண்ணா. நீங்க பறக்கற பறப்புக்கு அது ஒத்துவராது."

அவருக்கு அந்த மொழி பிடித்துப்போயிற்று. இதை அவரே எதிர்பார்க்கவில்லை. சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடிவதால் ஒன்று அடுத்ததைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. நிற்க இடமே கிடையாது. இல்லு என்றால் வீடு, செப்பு என்றால் சொல். நம் வீட்டுப் பழைய பெட்டியில் கிடக்கிற சொற்கள் அங்கே தினமும் தெருவுக்குப் போய்வருகின்றன. அலமாரியில் இருந்த ஒரு செய்யுள் புத்தகத்தை, லிஃப்ட் கையேட்டை வாசிப்பதுபோல முன்பு மனைவிக்கு வாசித்திருந்தார். இப்போது அந்தப் பெண் போனில் ராகமாகச் சொல்லிக் காட்டியபோது, நாலு வரியிலும் இரண்டாம் எழுத்து ஒன்றாகவே வந்து விழுவது காதில் பட்டது. நம் எதுகை. சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். இப்படி ஒரு பொருளை இத்தனை வருஷம் தூசி மட்டும் தட்டிக்கொண்டிருந்தேனே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

நாவலும் மெல்லத் திறந்துகொண்டது. அதில் ஒரு அச்சகக்காரர். ஊரில் யார் எதை எழுதிக் கொடுத்தாலும் அச்சடித்துக் கொடுப்பவர், பரோபகாரி, காலில் சக்கரம் கட்டியவர். அவர் மனைவி பாட்டுக் கட்டுகிறவள், சமையலறையில், வாய்க்குள்ளேயே. அது அவருக்குக் கடைசிவரை தெரியாது. நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வீடு பூராத் தேடுகிற இடத்தில்தான் நம்மவர் மனைவி குலுங்கிச் சிரித்தது. தன்னையே யாரோ ஒளிந்திருந்து பார்த்து எழுதியது மாதிரி இருந்தது பம்பரத்துக்கு. கோபம் வரவில்லை. அவளோடு சேர்ந்து சிரிக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

மாட்டிக்கொண்டது அப்படித்தான். அச்சகக்காரர் மறுபடி எதையோ தொலைக்கிற அத்தியாயம். அவள் சிரிப்பதற்கு முன்னாலேயே இவர் குரல் சிரிப்பில் நடுங்கிவிட்டது. இருமி மழுப்பினார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சாதாரணமாகக் கேட்டாள்.

"போன தடவ கண்ணாடிய எங்க வெச்சிருந்தான் அவன்?"

"நெத்தியில" என்றார் பம்பரம், பெருமையாக.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவள் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கி மூடினாள்.

"எப்பலேர்ந்து?"

"கொஞ்ச நாளா. உனக்குச் சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன்."

"படிக்கறப்ப என் முகத்தப் பாத்தீங்களா?"

பொய் சொல்ல அவருக்கு வராது. "பாத்தேன்" என்றார்.

"இந்த வீட்ல எல்லாமே உங்க பாஷைலதான் நடக்குது. சண்டைகூட. கனவுகூட எனக்கு இப்ப தமிழ்லதான் வருது. இது ஒண்ணுதான் என்னோடதா இருந்துது. நான் எங்க சிரிக்கறேன், எங்க அழறேன்னு யாருக்கும் தெரியாம இருந்துது. புரியாதவர் படிச்சா அது அப்படியே இருக்கும்னுதான் ஒத்துக்கிட்டேன்." குரல் உயரவே இல்லை. "இனிமே படிக்க வேண்டாம்."

அதற்குப் பிறகு வந்த நாட்களை அவர் எப்படித் தள்ளினார் என்று கம்பெனியில் எல்லோரும் சொல்லுவார்கள். கேட்காத இடத்துக்கெல்லாம் சர்வீஸுக்குப் போனார். ஓடிக்கொண்டிருந்த லிஃப்டுகளைப் பிரித்து மறுபடி பூட்டினார். வீட்டில் அவள் சாப்பாடு போட்டாள், பேசினாள், மகளோடு போனில் சிரிக்கவும் செய்தாள். புத்தகத்தைத் தொடவில்லை. தெரிந்துகொண்டதை அவர் எப்படித் தெரியாததாக்குவது? கழற்றிய போல்ட்டை மாட்டலாம், மாட்டியதைக் கழற்றலாம். இதை என்ன செய்வது என்று அவருக்கு விளங்கவில்லை.

கடைசியில் புகார் எடுக்கும் பெண்ணிடம் கொட்டித் தீர்த்தார். ஆறுதல் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சீறினாள்.

"அர்த்தம் கத்துக்கிட்டது இருக்கட்டும். நீங்க எதுக்கு அண்ணா அவங்க முகத்தப் பாத்தீங்க?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் அவருக்கு வழி கிடைத்தது. மறுநாள் மதியம், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் மெஷின் ரூமில் மோட்டாரை நிறுத்தினார். அது ஓடினால் பேச்சு கேட்காது. தரைத்தளத்தில் 'பராமரிப்புப் பணி' என்று பலகை வைத்துவிட்டு வந்து, போனை அணைந்த மோட்டாரின்மேல் சாய்த்து வைத்து, கையோடு கொண்டுவந்த நாவலை விட்ட இடத்திலிருந்து வாசித்துப் பதிவு செய்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, பழுதுபார்க்க அல்லாமல் வேறு காரியத்துக்காக ஒரு லிஃப்டை நிறுத்தியிருந்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் எல்லா மாடியும் ஏறி மூச்சு வாங்க வந்து, வாசலில் நின்று கேட்டார்.

"என்னய்யா இது, மந்திரமா?"

"ஆமா சார். மோட்டாருக்கு."

அந்த மனிதர் ஒரு கணம் அதை நம்பிவிட்டார் என்றே தோன்றுகிறது. செருப்பைக் கழற்றப் போனார். பிறகு சுதாரித்துக்கொண்டு, கம்பெனிக்கு எழுதுவேன் என்று கத்திவிட்டு இறங்கினார்.

பம்பரம் வீட்டுக்கு வந்து, பதிவை அவள் போனில் ஏற்றி, இயர்போனோடு அவள் கையில் வைத்தார்.

"கதவச் சாத்திக்கிட்டு கேளு. நான் வரமாட்டேன்."

அவள் உடனே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. இவர் கூடத்தில் நடந்தார். நல்ல இடம் ஒன்றை வாசித்து வந்திருந்தார், அச்சகக்காரர் மனைவி மழையில் நனைந்தபடி ஒரு பாட்டை முடிக்கிற இடம். அது எவ்வளவு அழகு என்று யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. சொல்ல வேண்டியவள் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாள், அவளிடம் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. படித்ததைப் பேச ஆளில்லாமல் ஒரே வீட்டுக்குள் உலாத்துவது என்றால் என்ன என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் இதைக் கல்யாணம் ஆன நாளிலிருந்து செய்து வந்திருக்கிறாள். அந்த எண்ணம் அவரைச் சுவரோரம் நிறுத்தியது.

அப்படியே அத்தியாயம் அத்தியாயமாகப் போயிற்று. செயலாளர் எழுதிய புகாரைப் போன் பெண் எப்படியோ சமாளித்தாள். ஒரு சாயங்காலம் மனைவி இயர்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வெளியே வந்தாள்.

"இந்த அத்தியாயம் சரியில்ல."

"எழுத்து விட்டுப்போச்சா?"

"எல்லாம் இருக்கு. ஆனா அவ பேசற இடத்துல நீங்க ஓடறீங்க. அவன் வர்ற இடத்துல குரல் குழையுது. அவனுக்கு வக்கீல் வேலை பாக்காதீங்க. எழுத்துல இருக்கறபடி வாசிங்க."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாள் மெஷின் ரூமில் உட்கார்ந்து அதே அத்தியாயத்தைத் திரும்ப எடுத்தார். அச்சகக்காரர் மனைவி தங்கையிடம் பேசும் இடம். ஓடாமல் வாசித்தார். என் கணவர் நல்லவர், கெட்டவராக இருந்திருந்தால் ஊர் எனக்காக நாலு வார்த்தை பேசியிருக்கும் என்கிறாள். என்ன யோசிக்கிறாய் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். வைத்து வைத்து அந்தப் பதிலே பழசாகிவிட்டது, இப்போது அது எனக்கே பிடிக்கவில்லை என்கிறாள்.

முன் தடவை இந்த வரிகளைத் தாவிக் குதித்துக் கடந்திருந்தார். இப்போது ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில் நின்றது. குரலை எந்தப் பக்கமும் சாயவிடாமல் முடித்து, பதிவை நிறுத்தி, அப்படியே இருந்தார். அழுகை வந்தது. கீழே யாரோ லிஃப்டுக்காகக் கதவைத் தட்டுவது கேட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

அன்று அவள் கேட்டுவிட்டு வர நேரமாயிற்று. வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"இப்ப சரியா இருக்கு" என்றாள். பிறகு, "புரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

இதுவரை அவரிடம் அவள் கேட்காத கேள்வி. அவர் தலையாட்டினார், அவளுக்குத் தெரியாதோ என்று வாயாலும் சொன்னார். "புரிஞ்சுது." மதியத்திலிருந்து உள்ளே வைத்திருந்ததைக் கேட்டார்.

"நீ என்ன யோசிக்கற?"

"அது அவளோட கேள்வி. புத்தகத்துலேர்ந்து எடுத்துட்டு வந்திருக்கீங்க."

"ஆமா."

"அதுக்கு நான் பதில் சொல்லமாட்டேன். நீங்களா ஏதாவது கேளுங்க."

இத்தனை வருஷம் கூடவே இருந்தவளிடம் கேட்க, தன் சொந்தத்தில் ஒரு கேள்விகூடக் கையில் இல்லை என்பது அவரைச் சுட்டது. எழுந்து நடந்தால் ஏதாவது தோன்றும் என்று கால் பரபரத்தது. அவர் எழுந்திருக்காமல் யோசித்தார். அவள் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கண்ணின் ஓரத்தால் அவரைப் பார்த்தபடி காத்திருந்தாள்.